இன்னும் ஓராண்டு கிடக்கட்டும்

பிப்ரவரி 3

அக்கா,

நான் நலம். நீ நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதற்குள் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். சித்தியின் இடுப்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். எழுதினால் ஒருமுறையாவது படித்துப் பார்த்துவிட்டு அனுப்புவேன் என்றாய். இதோ எழுதுகிறேன். படித்துப் பார்க்கப் போவதில்லை.

அத்தானோடு தகராறு. உனக்கு ஒயின் என்றாலே தலைவலி, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நிலவறையில் ஒரே ஆண்டு அறுவடையில் செய்த நுரைக்கும் வெள்ளை ஒயின் எட்டாயிரத்து நானூறு பாட்டில் கிடக்கிறது. ஒன்பது வருஷமாக, செத்த ஈஸ்ட்டின் வண்டலோடு, இருட்டில். அந்த வண்டல்தான் ருசியைக் கொடுக்கிறது. சீக்கிரம் திறந்தால் பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பல் கூசும். தாமதித்தால் நுரை செத்து, ருசி தளர்ந்துபோகும். எப்போது திறப்பது என்று சொல்வதுதான் டேஸ்டரின் வேலை. அந்த வேலை உன் புருஷனுடையது.

அவர் சொல்லமாட்டேன் என்கிறார். செப்டம்பரில் நோட்டில் எழுதினார்: 'நன்று. இன்னும் ஓராண்டு கிடக்கட்டும்.' டிசம்பரில் அதே வரி. ஜனவரியில் அதே வரி. "ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு குடுக்கட்டுமா அத்தான்?" என்று கேட்டேன். நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டார்.

இதே மனிதரின் பழைய நோட்டுகளைப் படித்துத்தான் நான் இங்கே ஆய்வறை வேலைக்கே வந்தேன். இதே ஒயினுக்கு நாலாம் ஆண்டில் எழுதியிருக்கிறார்: 'மழை நின்ற பிறகு சுண்ணாம்புச் சுவரின் வாசனை. யாரோ ஆப்பிள் தோலைச் சீவிவிட்டு அறையை விட்டுப் போயிருக்கிறார்கள்.' ஏழாம் ஆண்டில்: 'ரொட்டி அடுப்பின் கதவு திறந்துவிட்டது. ரொட்டி இன்னும் வெளியே வரவில்லை.' அப்போதெல்லாம் சின்னக் குப்பியில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப்போவார். "மனசுல ஊறணும்" என்று சொல்லி மறுநாள் எழுதிக்கொண்டு வருவார். இப்போது நின்ற இடத்திலேயே எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார்.

முதலாளியம்மா கெடு வைத்துவிட்டார். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி வாங்குபவர்கள் எல்லோரும் வருகிறார்கள். இந்த ஒயின் தேறினால் நாங்கள் பிழைப்போம். தேறாவிட்டால் நிலவறையை இழுத்து மூடிவிடுவதாக எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அத்தான் வாய் திறக்காததால் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஆயிரத்து இருநூறு பாட்டிலை அடுக்கிலிருந்து எடுத்துச் சாய்வுத் தாங்கிகளில் ஏற்றியாகிவிட்டது. பாட்டிலைத் தினமும் கொஞ்சம் திருப்பினால் வண்டல் கழுத்துக்கு இறங்கும். அது எவ்வளவு இறங்கியது என்பதை இதுவரை ஒரு ஆள் மஞ்சள் பல்பில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆறு வெள்ளை விளக்கும் ஒரு கேமராவும் மாட்டிவிட்டேன். அந்த ஆண்டு அழகுக்காக நிறமில்லாத கண்ணாடிப் பாட்டில் வாங்கியிருந்தார்கள், கேமராவுக்கு வசதியாகப் போயிற்று. மேலே போட்டிருந்த கறுப்புத் துணியைக் கழற்றி உதறினேன், ஒன்பது வருஷத் தூசி.

சித்தி நடக்க ஆரம்பித்துவிட்டால் நீ எப்போது திரும்பி வருகிறாய்? ஆறு மாதமாகிறது. அத்தான் இளைத்துவிட்டார். கேட்டால் சட்டை பெரிது என்கிறார்.

சித்தியையும் உன்னையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். சித்தி தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்துத் தெரு வரை போய், அங்கே இருப்பவர்களோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள். உன் வயிற்று எரிச்சல் குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சோப்புத் தொழிற்சாலை. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். சித்திக்கும் பேச்சுத்துணை ஆயிற்று.

உன் அத்தானைக் கிண்டல் செய்யாதே. ரப்பர் ஸ்டாம்ப் என்றெல்லாம் எல்லோர் முன்னாலும் பேசுவது உனக்கு அழகில்லை. அந்தப் பழைய நோட்டுகளை நீ இன்னும் விடாமல் படிப்பாய் என்று எனக்குத் தெரியாது. ஏன் படிக்கிறாய்?

வலது சுவர் ஓரமாக, மூன்றாவது வரிசையில் கீழே கிடந்த பாட்டில்கள் இன்னும் அங்கேயேதானா? அவை எப்போதும் மற்றவற்றுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கலந்துவிடாதே.

குளிரில் கீழே போகும்போது காதை மூடிக்கொள்.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

நலம் விசாரிப்பதற்கெல்லாம் கை வரவில்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி.

அத்தானுக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

நிதானமாகச் சொல்கிறேன். நேற்றுக் காலை ருசி அறையில் ஆறு கண்ணாடிக் கோப்பைகள் வைத்தேன். ஐந்தில் நம் ஒயின். ஆறாவதில், கார்க் பூசணம் பிடித்துக் கெட்டுப்போன ஒன்று. அது நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கு மட்டும்தான் தெரியும். நனைந்துபோன அட்டைப்பெட்டியை முகத்தில் கவிழ்த்த மாதிரி இருக்கும். தட்டைத் தூக்கிவந்தவர் மூடி. மஞ்சள் பல்பில் பாட்டிலைத் திருப்புவதும், வாயைத் திறந்து வண்டலைத் தெறிக்கவிடுவதும் அவர் வேலை, நாள் முழுக்க மூடி கழற்றுகிறவர், வாயை மட்டும் திறக்கமாட்டார், அதனால் அந்தப் பெயர். அந்த மூடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது போயிடுச்சு சார்" என்றார்.

அத்தான் ஆறாவது கோப்பையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். ஒரு வாய் குடித்துத் துப்பினார். எழுதினார்: 'நன்று. இன்னும் ஓராண்டு கிடக்கட்டும்.'

நான் சோதனை வைத்தது அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று நிரூபிக்கத்தான். சத்தியமாக இதை எதிர்பார்க்கவில்லை. மூடி தட்டோடு அப்படியே நின்றார். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அத்தான், இந்தக் கோப்பையில என்ன வாசனை?"

"பொறு மாப்ள, அவசரப்படாத."

"நான் அவசரப்படல. நீங்க சொல்லுங்க."

அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எந்தக் கோப்பையில வச்ச?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கைக்குட்டையை எடுத்து ஆறு கோப்பையின் விளிம்பையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "உங்க அக்காவுக்கு எழுதிடாத."

எழுதிவிட்டேன். ஒரு தொழிற்சாலையின் அழுத்தமானி உடைந்து, அது உடைந்தது தெரியாமல் எல்லோரும் அதைப் பார்த்தே வேலை செய்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை முதலாளியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் உடனே எழுது.

நீ திடமாக இரு. சித்தியிடம் சொல்லாதே.

தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

முதலாளியம்மாவிடம் இப்போது சொல்லாதே. ஒரு மாதம் பொறு. அதற்குள் எதுவும் குடிமுழுகிப் போகாது. அவரைத் தனியாக ஒரு அறையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்காதே. அவர் சாப்பிடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள். உப்பு அதிகம் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

உன் அக்கா

மார்ச் 26

அக்கா,

நலம். உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். அதில் இல்லாததைத்தான் படித்தேன்.

புருஷனுக்கு மூக்கு போய்விட்டது என்று ஒருவன் எழுதுகிறான். 'ஐயோ' என்று ஒரு வார்த்தை இல்லை. எப்போது, எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. உப்பு அதிகம் போடு என்று எழுதுகிறாய். அது எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது. வாசனை தெரியாதவனுக்கு மிஞ்சுவது உப்பும் புளிப்பும்தான். உனக்கு முன்னாலேயே தெரியும்.

நான் கருவிக்காரன், எனக்குத் தேதிகள்தான் பேசும். போட்டுப் பார்த்தேன். அத்தான் நிலவறைப் படியில் விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். தலையில் அப்படி அடிபட்டால் மூக்கு நரம்பு அறுந்துபோகலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். இந்த ஒயினுக்கு வயது ஒன்பது. அப்படியானால் இதைப் பற்றி அவர் எழுதிய எந்த வரியையும் அவர் முகர்ந்து எழுதியிருக்க முடியாது. சுண்ணாம்புச் சுவர், ஆப்பிள் தோல், ரொட்டி அடுப்பு, எதையும்.

குப்பி வீட்டுக்கு வந்தது. மறுநாள் எழுத்து வந்தது. வீட்டில் இருந்தது இரண்டே பேர். நீ போனது ஆகஸ்டில். 'இன்னும் ஓராண்டு' தொடங்கியது செப்டம்பரில். மூன்றாவது வரிசைப் பாட்டில் பின்னால் வரும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

நான் தப்பாகக் கூட்டியிருக்கிறேன் என்று எழுது. இரண்டு வரி போதும்.

தம்பி

ஏப்ரல் 22

அக்கா,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? சித்திக்கு போன் செய்தேன். நீ வேலைக்குப் போயிருப்பதாகவும், நன்றாகச் சாப்பிடுவதாகவும், முன்பைவிடச் சத்தமாகச் சிரிப்பதாகவும் சொன்னாள். அது எனக்கு எந்த விதத்திலும் ஆறுதலாக இல்லை.

முதலாளியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கேட்ட ஒரு மாதம் முடிந்துவிட்டது. எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும்.

தம்பி

மே 30

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். உன்னைக் காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் தேவைப்பட்டது.

நீ சரியாகத்தான் கூட்டியிருக்கிறாய்.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே தெரிந்துவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து அணைத்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாரே ஒரு பார்வை, அதைப் பார்த்தவள் அவரை எப்படிக் காட்டிக்கொடுப்பாள்? "வேலை போயிடும்" என்றார். "குடுங்க, நான் பாக்கறேன்" என்றேன். அவ்வளவு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. தலைவலி என்று ஊருக்குச் சொன்னதும் அப்போதுதான். டேஸ்டர் வீட்டில் இன்னொரு மூக்கு இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது அல்லவா.

பொய் சொல்லமாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேஜையில் குப்பியை வைப்பார். நான் முகர்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். சிரிப்பாக இருக்கும். "சுண்ணாம்புச் சுவர்னு எழுதினா நம்புவாங்களா?" என்பார். "எழுதுங்க, நம்புவாங்க" என்பேன். நம்பினார்கள். நீயும் நம்பினாய். என் தம்பி என் வார்த்தைகளை மனப்பாடமாக என்னிடமே ஒப்பித்தபோது, நான் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன ஜூலையில் முதலாளியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. நீயும் இருந்தாய். முதலாளியம்மா எழுந்து நின்று, 'இந்த மனுஷனோட மூக்கு நம்ம சொத்து' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் எழுந்தார். நான் முந்தின நாள் சொன்ன வரியை, ஒரு சொல் மாறாமல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பக்கத்தில் இருந்தவர் என்னிடம், 'உங்களுக்கு ஒரு வாய்?' என்று கோப்பையை நீட்டினார். இவர் குறுக்கே கையை வைத்து, "அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், கார்ப்பரேஷன் தண்ணியும் இதும் அவளுக்கு ஒண்ணுதான்" என்றார். நீகூடச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

வழக்கமாகச் சொல்கிற பொய்தான். ஆனால் அன்றைக்கு அவர் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நம்பிவிட்டிருந்தார்.

சித்தியின் இடுப்பு அடுத்த வாரம் உடைந்தது. எனக்கு நல்ல காலம்.

சோப்புத் தொழிற்சாலையில் நான் இருப்பது மணம் பார்க்கும் அறையில். நேர்முகத்தில் முப்பது குப்பி வைத்தார்கள். இருபத்தொன்பது சரி. என் பெயர் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் உள்ளே போகும்போது ஒருமுறை படிப்பேன்.

முதலாளியம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் இனி உன் பாடு. நான் தடுக்கவில்லை.

வயிற்றைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா

ஜூன் 9

அக்கா,

நலமா என்று கேட்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்தச் சாப்பாட்டில் நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணி. அதற்கு மேல் எழுத வரவில்லை. ஒரு வாரமாக ஆய்வறையில் உட்கார்ந்து பழைய நோட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன். நாலு வருஷம் அந்த வரிகளுக்குச் சொந்தக்காரரை வியந்திருக்கிறேன். அது எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த நீதான் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தானிடம் போய், "தெரியும்" என்றேன். "எல்லாமா?" என்றார். "எல்லாம்." தலையை ஆட்டினார். "அவ திரும்பி வருவாளா மாப்ள?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூக்கு வருமான்னு கேக்கறீங்களா, பொண்டாட்டி வருவாளான்னு கேக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதும் இல்லை.

இப்போது விஷயம். அக்டோபர் நெருங்குகிறது. அத்தானுக்காக இல்லை, எனக்காக இல்லை, அந்த ஒயினுக்காகக் கேட்கிறேன். இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். ஒன்று என் கேமராத் தாங்கியில் இருந்தது. இன்னொன்று மூடி தன் மூலையில், பழைய மஞ்சள் பல்பின் கீழே கையால் திருப்பியது. 'நீங்க உங்க மாதிரி பண்ணுங்க சார், நான் என் மாதிரி ஒரு பன்னெண்டு பண்றேன்' என்று வீம்புக்குச் செய்தது. 1, 2 என்று ஒட்டியிருக்கிறேன். எது எது என்று சொல்லமாட்டேன். எந்தக் கருவியையும் சோதிக்காமல் நான் நம்புவதில்லை, நீயானாலும் சரி. பத்து நாள் அசையாமல் கிடக்கட்டும், பிறகு திற. திறக்கலாமா, இன்னும் கிடக்க வேண்டுமா, இவ்வளவுதான் கேள்வி.

என் தாங்கிப் பாட்டில்தான் ஜெயிக்கும் என்று மூடியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

சித்திக்கு ஒரு வாய் கொடு.

தம்பி

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

சுகம். பாட்டில்கள் உடையாமல் வந்தன. நேற்று விடுமுறை. காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்தேன். இதைத் தொட்டு ஒரு வருஷமாகிவிட்டது.

இரண்டாம் பாட்டில் முதலில். நுரை பொடியாக, அவசரமில்லாமல் ஏறியது. ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது, தம்பி. வந்து, வெட்டி, மேலே தேன் தடவியாகிவிட்டது. பின்னால் வறுத்த கொட்டைகள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளியது போல ஒரு கூர்மை கடைசிவரை நின்றது, அது இருப்பதால்தான் அத்தனை தேனும் திகட்டவில்லை. இது தயார். இப்போதே திறக்கலாம். இன்னொரு வருஷம் கிடந்தால் அந்தக் கூர்மை போய்விடும். மூன்றாவது வரிசையை மட்டும் கடைசியில் எடு.

இனி முதலாம் பாட்டில். கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே வந்துவிட்டது. வேகவைத்த முட்டைக்கோஸ். நனைந்த கம்பளி. நான் எழுந்து சமையலறைக்குப் போய், சித்தி ஏதாவது அடுப்பில் வைத்திருக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. மறுபடி முகர்ந்தேன். சித்தி தள்ளி உட்கார்ந்திருந்தவள், "என்னடி இது, சாக்கடையா?" என்றாள்.

இது வெளிச்சம் பட்ட நாற்றம். எங்கள் அறையில் மாதிரிகளை ஏன் பழுப்புப் பாட்டிலில் வைக்கிறோம் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். நிறமில்லாத கண்ணாடி எதையும் தடுக்காது. வெள்ளை வெளிச்சத்தில் இந்தப் பாட்டில் பல வாரம் நின்றிருக்க வேண்டும். அந்தக் கறுப்புத் துணி தூசிக்காகப் போட்டது இல்லை.

இது மாதிரி எத்தனை பாட்டில்?

உன் அக்கா

ஜூலை 22

அக்கா,

ஆயிரத்து இருநூறு.

முதலாம் பாட்டில் என்னுடையது. உன் கடிதத்தை நின்றபடி பிரித்தேன், 'முட்டைக்கோஸ்' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த வாசனை எனக்குத் தெரியும். ஏப்ரலிலிருந்து, ஒரு பாட்டிலைச் சோதனைக்குத் திறக்கும்போதெல்லாம் வந்தது. நான் சாக்கடைக் குழாய் என்று நினைத்தேன். பிளம்பரை இரண்டு தரம் வரவழைத்தேன். மூடி ஒருநாள், "கோஸ் வேகுற மாதிரி இருக்கு சார்" என்றார். அவர் ஆறு மாதத்தில் பேசிய மூன்றாவது வாக்கியம் அது. "பசிக்குதுன்னா சாப்பிடப் போங்க" என்றேன்.

மூக்கு இல்லாத ஒருவரைப் பிடித்துவிட்டதாகக் குதித்தேன். மூக்கு இருந்தும் நான் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அமிலம் சரி, அழுத்தம் சரி, வண்டல் சரி. ஒன்பது வருஷம் இருட்டில் காத்த ஒயினை ஆறு விளக்கு போட்டு நான் கெடுத்தேன். அத்தான் பொய் சொன்னார், ஆனால் அவர் பொய்யால் ஒரு பாட்டில்கூடக் கெடவில்லை.

விளக்குகளைக் கழற்றிவிட்டு அத்தானிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் ருசி பார்த்ததெல்லாம் அந்தத் தாங்கியிலேர்ந்துதான் மாப்ள. ஜனவரியிலேர்ந்து. என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "அந்த நல்ல பாட்டிலுக்கு அவ என்ன சொன்னா?"

படித்துக் காட்டினேன். ரொட்டி, தேன், எலுமிச்சைத் தோல். கேட்டுக்கொண்டே நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். பழக்கம். இரண்டு வரி எழுதியபின் பேனா நின்றது. அவரே அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வா, அந்தம்மாகிட்டப் போகலாம்" என்றார்.

இருவரும் போனோம். அவர் முதலில் சொன்னார், பதினோரு வருஷத்தையும். நான் பிறகு சொன்னேன், ஆயிரத்து இருநூறையும். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அப்ப இத்தனை வருஷமா நான் யாரைப் பாராட்டிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டார். அத்தான் உன்னைச் சொன்னார். "அந்தத் தலைவலிக்காரியா?" என்றார். அத்தான், "தலைவலி என்னால வந்தது" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொந்தமாகச் சொன்ன முதல் நல்ல வாக்கியம் அதுதான்.

தீர்ப்பு: அத்தான் இனி டேஸ்டர் இல்லை, நிலவறையில் அடுக்கு வேலை. நான் ஒரு வருஷம் மூடியின் கீழே, கையால் பாட்டில் திருப்ப வேண்டும். மூடி அதைக் கேட்டுச் சிரித்தார், பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மீதி ஏழாயிரத்துச் சொச்சத்தை அக்டோபருக்குத் திறப்பதாக முடிவு, உன் வார்த்தையை நம்பி. முதலாளியம்மா உனக்குத் தனியாக எழுதுவார்.

கெட்டுப்போனதையெல்லாம் ஒரே நாளில் திறந்து கொட்டினோம். நாற்றம் தாங்காமல் எல்லோரும் முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள், நானும்தான். உள்ளே கடைசிவரை நின்று கொட்டியவர் அத்தான் ஒருவர்தான். மாலையில் வெளியே வந்து, "ரொம்ப நாறுதா?" என்று கேட்டார். மூடி, "ஆமா சார்" என்றார். அவர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். அக்கா, அவர் அதை ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

சித்திக்கு என் விசாரிப்பு. அவள் மூக்கும் மோசமில்லை.

தம்பி

செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் தோள்பட்டை வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு.

முதலாளியம்மாவின் கடிதம் வந்தது. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ருசி அறையில் நின்று, வாங்க வருகிறவர்களுக்கு இந்த ஒயினைப் பற்றி நானே சொல்ல வேண்டுமாம். அழைப்பிதழில் என் பெயரையும் போட்டிருக்கிறார். வருகிறேன் என்று எழுதிவிட்டேன். இரண்டு நாள் லீவு. பதினான்காம் தேதி காலை நான் இங்கே வேலையில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு விடுதியில் அறை பார்த்துவை. வீட்டில் வேண்டாம்.

அவரிடம் சொல்: நான் வருவது ஒயினுக்கு. கோபம் தீர்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்கவேண்டாம், எனக்கே தெரியவில்லை. நீயும் நடுவில் புகுந்து சமாதானம் பேசாதே. உனக்கு அது வராது.

ஒன்று மட்டும் இருக்கிறது, இரண்டு வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிறது. பத்து வருஷம், ஞாயிறுதோறும், அதே மேஜையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து அவரும் ஒரு வாய் குடித்தார். வாசனையே இல்லாத ஒருவருக்கு அது எப்படி இருக்கும்? குளிர்ந்ததாக, குத்துவதாக, வெறும் நுரையாக? நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு என்ன தெரிந்தது என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. இதை நினைத்தபோது தூக்கிவாரிப் போட்டது, கையிலிருந்த குப்பியைக் கீழே போட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி, எல்லோரும் போன பிறகு, அந்த அறையில் ஒரு பாட்டில் மீதி வை. இரண்டு கோப்பை போதும். அவர் குடித்துவிட்டுச் சொல்லட்டும். நான் எழுதிக்கொள்கிறேன்.

உன் அக்கா